ஹஸ்பெண்ட் என்ற சொல்லின் பூர்வீகம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில், நான் ஒரு வரலாற்று முடிவு எடுத்தேன். என் மனைவியை ஆங்கிலத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என்று.

வேறு எதைக் காட்டியும் அவளைப் பயமுறுத்த முடியாது. செவ்வந்தி வரப்பில் பாம்பைப் பார்த்தால் கத்த மாட்டாள். "போ போ, அந்தப் பக்கம் போ" என்று அதற்கு வழி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். பாம்பும் போய்விடும். அவள் போகச் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் போய்விடுவோம்.

நான் கோவிந்தராசு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். எங்கள் நூலகத்துக்குப் பையன்கள் புத்தகத்துக்காக வருவதில்லை, மின்விசிறிக்காக வருகிறார்கள். அவர்கள் தூங்குகிற நேரத்தில் நான் ஆங்கில அகராதி படிக்கிறேன். எந்தச் சொல் எந்த ஊரில் கிளம்பி, எங்கே பஸ் மாறி, எப்படி இங்கிலாந்தில் போய் இறங்கியது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. சிலருக்குச் சீட்டாட்டம், எனக்குச் சொல்லாட்டம். ஜெய்னுலாபுதீன் பாய் டீக்கடைக்குப் போனால் அவர் டீயை ஆற்றிக்கொண்டே "இன்னிக்கு என்ன சார் வார்த்தை?" என்பார். ஒன்று சொல்வேன். அகராதியில் நல்லதாக ஒன்றும் சிக்காத நாளில் நானே ஒன்றைத் தயாரித்துச் சொல்வேன். டீக்கடையில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஊர் எல்லையில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. பட்டா என் பேரில். வயல் அவள் பேச்சில். நான் அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை, செருப்பு கெட்டுவிடும். அவள் அங்கே மாப்பிள்ளைச் சம்பா போடுகிறாள். சிவப்பரிசி. ஆள் உயரத்துக்கு வளரும் பழைய நெல். அந்தக் காலத்தில் கல்யாண மாப்பிள்ளை இதைச் சாப்பிட்டுத்தான் இளவட்டக்கல்லைத் தூக்கினான் என்று சொல்வார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரை இன்னும் அவள்தான் தூக்குகிறாள்.

இந்த விதை நெல்லை அவள் காப்பாற்றி, மயிலாடுதுறை வரை போய்ப் பெண்களுக்குக் கொடுத்ததை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, விதை காக்கும் பெண்களுக்கென்று இருக்கிற ஒரு வெளிநாட்டு அமைப்பின் கண்ணில் பட்டது. புரட்டாசியில் வியட்நாமில் கூட்டம், இரண்டு வாரம், செலவெல்லாம் அவர்களுடையது. ஒரே நிபந்தனை, முதலில் வீடியோ காலில் ஆங்கிலத்தில் ஒரு பேட்டி. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் பெண் எழில்மொழி அம்மாவுக்காக விண்ணப்பம் போட்டுவிட்டாள். எனக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். எனக்குக் கடைசியாகச் சொல்வது எங்கள் வீட்டில் ஒரு மரபு.

செவ்வந்தி விமானத்தில் ஏறியதில்லை. சொந்தக்காரர்களைத் திருச்சி விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலில் நின்று கையாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றைக்கு இட்லியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். காலை நேரத்தில் அவள் உட்காருவதே அபூர்வம்.

"எனக்குப் போகணுங்க," என்றாள். "அங்கயும் நம்மள மாதிரி டெல்டாதானாம். அவங்க எப்படி நாத்து விடுறாங்க, எப்படித் தண்ணி வைக்கிறாங்கன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடுறேன்."

அவள் எதையும் 'எனக்கு வேணும்' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்ட குரலும் நல்ல குரல். மனசு இளகத்தான் செய்தது. ஆனால் புரட்டாசி என்றால் நடவு. ஆள் சொல்வது யார், மடை திறப்பது யார், டிகாஷன் இறக்குவது யார்? சரி, உங்களிடம் மறைப்பானேன். வயலும் காபியும் அப்புறம். அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு நாள் போனாலே எங்கள் வீட்டில் எந்த சுவிட்சு எந்த விளக்குக்கு என்று எனக்கு மறந்துபோகிறது. அவள் இல்லாத வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது. இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. அதனால் திட்டம் போட்டேன்.

"தாராளமாப் போ," என்றேன். "ஆனா இங்கிலீஷ் இருக்கே, அது நீ நினைக்கிற மாதிரி பாஷை இல்ல."

"நான்தான் பி.ஏ. படிச்சிருக்கேனே."

"அது பரீட்சை இங்கிலீஷ். இது பேசுற இங்கிலீஷ். கனமழை பெய்யுதுன்னு சொல்ல அவங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? பூனையும் நாயும் பெய்யுதும்பாங்க."

"ஏனாம்?"

"அதான் யாருக்கும் தெரியல. அகராதி எழுதினவங்களே கையை விரிச்சுட்டாங்க. நீ பாட்டுக்கு ஹெவி ரெயின்னு சொன்னா, பட்டிக்காடுன்னு சிரிப்பாங்க."

செவ்வந்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க," என்றாள்.

எனக்குக் காரச் சட்னி இனித்தது.

"வேற என்னெல்லாம் இருக்கு? சொல்லுங்களேன்," என்றாள் ஈனசுரத்தில்.

அன்று தொடங்கியது. தினமும் காலையில் ஒரு பயம். அன்னாசிப் பழத்தை அவர்கள் பைன் ஆப்பிள் என்கிறார்கள், அதில் பைன் மரமும் கிடையாது, ஆப்பிளும் கிடையாது என்றேன். பயந்தாள். "நம்ம நாய்க்குடையில நாயும் இல்ல, குடையும் இல்லியே, அது மாதிரியா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அதெல்லாம் வேறு, இதெல்லாம் வேறு என்று அடக்கிவிட்டேன். தசைக்கு அவர்கள் மசில் என்கிறார்கள், லத்தீனில் அதற்குச் சுண்டெலி என்று அர்த்தம், கையை மடக்கினால் எலி ஓடுகிற மாதிரி தெரிந்ததாம் என்றேன். எலியா என்று மிரண்டாள். அப்புறம் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நம்மாளுங்க கால்ல கெண்டை மீனைப் பாத்திருக்காங்க, கெண்டைக்கால்ங்கிறோம்," என்று முணுமுணுத்தாள். நான் அதையும் காதில் வாங்கவில்லை. பேசிக்கொண்டே போனேன்.

பேச்சில் ஒரு சுகம் இருக்கிறது. என் வாழ்க்கையில் என் சொல்லாராய்ச்சியை யாரும் இவ்வளவு வாயைப் பிளந்து கேட்டதில்லை. பையன்கள் குறட்டை விடுவார்கள். பாய் பாதியில் பால் வாங்கப் போய்விடுவார். செவ்வந்தி மட்டும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த வார்த்தையை எப்படிச் சொல்லணும்? ஒருதரம் சொல்லிக் காமிங்க, வாயில வருதான்னு பாப்போம்," என்பாள். எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குப் புரியட்டும் என்று நானும் விடாமல் சொல்லவைத்தேன். தப்பாகச் சொன்னால் திருத்தினேன். சரியாக வரும்வரை திருத்தினேன். அவள் பயம் கூடக் கூடக் காபியும் திக்காகிக்கொண்டே வந்தது. வடையெல்லாம் வந்தது. பயந்த மனைவி நல்ல சமையல்காரி என்று நான் ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்தேன். பாய் கடையில் அதைச் சொல்லவும் செய்தேன். பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சம்பளக் கதையையும் சொன்னேன். சேலரி என்ற சொல்லின் வேர் லத்தீனில் உப்பு. ரோமாபுரிப் படைவீரனுக்கு உப்புக்காகக் கொடுத்தது என்று சொல்வார்கள். "பாத்தியா, உப்புலேர்ந்து சேலரி. எவனாவது கண்டுபிடிக்க முடியுமா? இதான் இங்கிலீஷ்." அவள் பயத்தில் தோசையைக் கருகவிட்டாள். அந்தத் தோசையை நான் ஆசையாகச் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு நாள் ஒரு சறுக்கல். கல்லணையில் 'கிராண்ட் அனிகட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு டீக்கடையில் நான் ஒரு பூர்வீகம் தயாரித்து வைத்திருந்தேன். ஆனி என்று ஒரு துரைசாணி இருந்தாள். காவிரியை இந்த இடத்தில் கட் பண்ணுங்கள் என்று துரையிடம் அடம்பிடித்தாள். ஆனி கட், அனிகட். இந்தக் கதை ஊரில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டோக்காரர்கள் இதைச் சொல்வதாகக் கேள்வி. அந்த வேகத்தில் செவ்வந்தியிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் பாலைப் பொங்கவிடாமல் கரண்டியால் கிளறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "அணைக்கட்டுங்க அது."

"எது?"

"நம்மாளு அணைக்கட்டுன்னு சொல்லியிருக்கான். வெள்ளைக்காரன் வாயில அது அனிகட்டுன்னு வந்திருக்கு. இதுல துரைசாணி எங்க வந்தா?"

எனக்குத் தொண்டையில் வடை நின்றது. கல்லூரிக்குப் போனதும் அகராதியைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் இருந்தது. கண்ணெதிரே இருந்த தமிழை நான் இங்கிலாந்தில் தேடியிருக்கிறேன். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் சாயந்திரம் அவளே வந்து, "இருந்தாலும் அந்த ஆனியம்மா ஆத்தை வெட்டுனது பயமாத்தாங்க இருக்கு," என்றாள். பாவம், இன்னும் பயப்படுகிறாள் என்று நினைத்துத் திட்டத்தைத் தொடர்ந்தேன்.

பேட்டி நெருங்கியது. பயந்தவள் பின்வாங்க வேண்டுமே, வாங்கவில்லை. புதுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். சரி, கடைசி ஆயுதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று கல்லூரியிலிருந்து பெரிய அகராதியை வீட்டுக்கே தூக்கி வந்தேன். கையில் இருந்த எலியெல்லாம் வலித்தது.

"இங்க பாரு, ஹஸ்பெண்ட். பழைய நார்ஸ் பாஷையிலேர்ந்து வந்த வார்த்தை. நார்வே, டென்மார்க் பக்கத்துப் பாஷை. ஹூஸ்னா வீடு. போண்டின்னா..." என்று இழுத்து, மீதி வரியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டேன். "போண்டின்னா அதிபதி. வீட்டுக்கே அதிபதி. அவன் அனுமதி இல்லாம வீட்டுல எதுவும் நகரக்கூடாது. இதை நான் சொல்லல, அகராதி சொல்லுது."

"போண்டியா? நம்ம ஊர்ல போண்டின்னா எல்லாம் போனவன்ல?"

"அது நம்ம ஊர்ல."

"அப்ப உங்க லைப்ரரியில அனிமல் ஹஸ்பெண்ட்ரின்னு ஒரு அலமாரி இருக்குன்னு சொன்னீங்களே. அது என்ன, மாட்டோட புருஷனா?"

"அது வேற டிபார்ட்மென்ட்," என்றேன்.

அவள் அகராதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் கடைக்கு நேரமாகிவிட்டதென்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அகராதி மேஜையில் இருந்தது. என் கட்டை விரல் மட்டும் என்னோடு டீக்கடைக்கு வந்துவிட்டது.

பேட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழில்மொழி போனிலேயே வழி சொல்லி லேப்டாப்பைத் தயார் செய்தாள். 'துணைக்கு இருக்கேன்' என்று நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். மேலே முழுக்கைச் சட்டை, கீழே கைலி. என் உள்நோக்கம் வேறு. பேட்டியில் எப்படியும் வயலை யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி வரும் என எழில்மொழி சொல்லியிருந்தாள். விதைப் பயிர் கவனிப்பில்லாமல் கிடக்கக்கூடாது என்பது அந்த அமைப்பின் கண்டிப்பான விதியாம். அந்தக் கேள்வி வரும்போது நான் ஒரு பெருமூச்சு விட வேண்டும். உடம்பு சரியில்லாத முகம் ஒன்று காட்ட வேண்டும். அவ்வளவு போதும். கண்ணாடியில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

திரையில் வெள்ளை முடியோடு ஓர் இங்கிலாந்து அம்மாள் வந்தார். ஹெலன் என்று பெயர். பக்கத்தில் வியட்நாம்காரத் தம்பி ஒருவர், தட்டச்சு செய்வதற்கு.

அந்த அம்மாள் முதலில் எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கேட்டார். நான் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். "உங்க ஊர்ல மழைன்னா பூனையும் நாயும் விழும். எங்க தஞ்சாவூர்ல பேய் விழும் மேடம். இட் ரெய்ன்ஸ் கோஸ்ட்ஸ்." பேய்மழை என்று தமிழிலும் சொல்லிக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் சம்பாவைப் பற்றிக் கேட்டார். "உங்க சேலரியில உப்பு மட்டும்தான் இருக்கு. எங்க சம்பளத்துல சம்பா நெல்லும் இருக்கு, அளம்னா உப்பு, அதுவும் இருக்குன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அதனால ரோமாபுரி சிப்பாயைவிட எங்க ஆளுக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்," என்றாள். எலியும் வந்தது, கெண்டையும் வந்தது, நாய்க்குடை வந்தது. அணைக்கட்டு வந்தது. நான் ஒவ்வொரு காலையும் இட்லியோடு கொட்டிய பயம் அத்தனையும், உச்சரிப்பு சுத்தமாக, வரிசையாக வந்தது. ஒரு பக்கம் என் திட்டம் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், சொன்னால் சிரிப்பீர்கள், பெருமையாக இருந்தது. நான் திருத்திய உச்சரிப்பல்லவா.

கடைசியில் நான் காத்திருந்த கேள்வி வந்தது. நீங்கள் இங்கே இருக்கும்போது பயிரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் பெருமூச்சுக்குக் காற்றை உள்ளே இழுத்தேன்.

"மை ஹஸ்பெண்ட்," என்றாள் செவ்வந்தி.

இழுத்த காற்று உள்ளேயே நின்றுவிட்டது.

"உங்க பாஷையில ஹஸ்பெண்டுன்னா வீட்டுல குடியிருந்து நிலத்தை உழுகிறவர்னு அர்த்தமாம் மேடம். அதனாலதான் விவசாயத்துக்கே ஹஸ்பெண்ட்ரின்னு பேர் வச்சீங்களாம். வார்த்தை உங்களோடது. ஆளு என்னோட ஆளு."

ஹெலன் அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை வயதில் இது எனக்குத் தெரியாதே என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்து, இது உண்மையா மிஸ்டர் கோவிந்தராசு, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். ஓர் இங்கிலீஷ்காரர். அவருடைய சொந்தப் பாஷை. அதில் ஒரு வார்த்தை. சந்தேகம் கேட்பதோ பாபநாசத்து நூலகரிடம். வாழ்நாள் முழுக்க அகராதி படித்ததற்கு இப்படி ஒரு நிமிஷம் எவனுக்குக் கிடைக்கும்? எனக்குப் பெருமூச்சு மறந்தது. உடம்பு சரியில்லாத முகம் மறந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கைலி திரையில் தெரிந்ததாக எழில்மொழி அப்புறம் சொன்னாள். ஹூஸ் என்றால் வீடு, போண்டி என்றால் அதில் குடியிருந்து மண்ணைப் பயிர் செய்கிறவன், வார்த்தை பழைய நார்ஸ், கல்யாணமான ஆண் என்ற அர்த்தமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். கட்டை விரலால் மறைத்த வரியை நானே வாயால் வாசித்தேன்.

"ஸோ, யூ கன்ஃபர்ம்?" என்றார் அந்த அம்மாள்.

"எஸ் மேடம். ஐ கன்ஃபர்ம். ஃபுல்லி."

"வொண்டர்ஃபுல்," என்று பக்கத்துத் தம்பியைப் பார்த்தார். தம்பி எதையோ தட்டச்சு செய்தார். எல்லாம் முடிவாகிவிட்டது என்று சொல்லி இருவரும் எனக்குக் கை தட்டினார்கள். வார்த்தையின் பூர்வீகம் முடிவாகிவிட்டது என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

திரை அணைந்தது. செவ்வந்தி என் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப நன்றிங்க."

"எதுக்கு?"

"நடவைப் பாத்துக்குறேன்னு அவங்ககிட்ட உறுதி குடுத்தீங்களே, அதுக்கு."

"நான் வார்த்தையைப் பத்தில்ல சொன்னேன்," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். வார்த்தை குடுத்துட்டீங்க."

புரட்டாசியில் அவளைத் திருச்சி விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை அவள் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்று கையாட்டினாள். புதுப் புடவை, தோளில் பை, பைக்குள் ஒரு பிடி மாப்பிள்ளைச் சம்பாக் கதிர். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சந்தோஷத்தைப் பார்த்துப் பாதி, நாளைக் காலைக் காபியை நினைத்துப் பாதி.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன். நடவு ஆட்களுக்குப் பூவம்மாள்தான் தலைவி. செவ்வந்தியோடு வருஷக்கணக்காகப் பழகியவள். என்னைப் பார்த்ததும் மொத்த வரிசையும் நிமிர்ந்து நின்றது.

"லைப்ரரி சார், நீங்க ஏன் சார் சேத்துல எறங்குறீங்க? செவ்வந்திக்கா எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்கு," என்றாள் பூவம்மாள்.

"என்ன சொல்லிட்டுப் போயிருக்கு?"

"நீங்க நாத்து முடியைத் தூக்கிட்டு வந்து போடுவீங்கன்னு."

நாற்றுக் கட்டுகளைத் தூக்கிப் போட்டேன். ஒரு முடிக்கு ஒரு முறை விழுந்தேன். மடையைத் திறக்கச் சொன்ன இடத்தில் அடைத்தேன், அடைக்கச் சொன்ன இடத்தில் திறந்தேன். பக்கத்து வயல்காரர் வந்து தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறுவதற்குள் கையில் இருந்த எலியும் காலில் இருந்த கெண்டையும் துடித்தன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்தேன். கௌரவத்தை விடக்கூடாது என்று, ஹஸ்பெண்ட் என்றாலே உழவன் என்றுதான் அர்த்தம், இது எங்கள் பூர்வீகத் தொழில் என்று பூவம்மாளுக்கு விளக்கினேன். அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அதான் பேர்லயே இருக்கே சார். அஸ்-பெண்டு. பெண்டு நிமிந்துருச்சுல்ல."

அன்றிலிருந்து அந்த வயலில் எனக்கு அதுதான் பெயர். 'பெண்டு சாருக்கு டீ குடு' என்கிறார்கள். பாய் கடையிலும் தெரிந்துவிட்டது. அவர் இப்போதெல்லாம் வார்த்தை கேட்பதில்லை, இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். ஆனால் ஒன்று, நடவு முடிந்தது. வரிசை கொஞ்சம் கோணல், ஆனால் பச்சை பிடித்துவிட்டது. சுவிட்சும் விளக்கும்கூட ஒருவழியாக விளங்கிவிட்டது. காபி மட்டும் இன்னும் விளங்கவில்லை.

அவள் திரும்புவதற்குச் சில நாள் முன்னால் வீடியோ காலில் வந்தாள். பின்னால் அகலமாக ஓர் ஆறு, படகு, தலையில் கூம்புத் தொப்பியோடு பெண்கள். இவள் தலையிலும் ஒரு தொப்பி. நான் போனைத் திருப்பி நடவு வயலைக் காட்டினேன். கோணலைப் பார்த்தாள். "பச்சை நல்லா புடிச்சிருக்குங்க," என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதற்கே வயிறு நிறைந்துவிட்டது.

"இங்க எல்லாரும் கேக்குறாங்க, இங்கிலீஷ் யாரு சொல்லிக்குடுத்தான்னு. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன். உங்க போட்டோவைக்கூடக் காமிச்சேன்."

கௌரவம் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. சேற்றில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "நான் எங்க செவ்வந்தி சொல்லிக்குடுத்தேன்? நீ போயிடக்கூடாதுன்னு பயமுறுத்துனேன். நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியல, அதான்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். கண் சிரித்தது.

"தெரியுங்க. முத நாள் இட்லி திங்கும்போதே தெரியும். கல்யாணமான புதுசுல இங்கிலீஷ் பேசச் சொல்லித் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? உனக்கு எதுக்குன்னு விட்டுட்டீங்க. கேட்டா நீங்க சொல்லித் தர மாட்டீங்க. பயந்தா நிறுத்த மாட்டீங்க."

நான் காலடியில் சேற்றைப் பார்த்தேன். அந்த வடை, அந்தத் திக்கான காபி, அந்தக் கருகிய தோசை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

"அப்பறம் ஒண்ணுங்க," என்றாள், திடீரென்று குரலைச் சின்னதாக்கிக்கொண்டு. "அடுத்த வருஷக் கூட்டம் பிரான்ஸுலயாம். அங்கயும் ஒரு ஆத்து முகத்துவாரத்துல நெல்லு போடுறாங்களாம். எனக்கு இந்த பிரெஞ்சுன்னாலே ரொம்ப பயமா இருக்குங்க."

எங்கள் கல்லூரி நூலகத்தில் பிரெஞ்சு அகராதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது.